ஸ்டெல்லா அக்கா வாசிக்கிறாள்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம். பாரிஸுக்கு வெளியே, எங்கள் அடுக்ககத்தின் நான்காம் மாடியில், வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து ஸ்டெல்லா அக்காவின் குரல் கேட்டது. அக்கா இறந்து ஐந்து வருடம் ஆகிறது.

“பாத்திமாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. எடை, மூன்று கிலோ இருநூறு கிராம். தாயும் சேயும் நலம்.”

கையில் கத்தியோடு ஓடினேன். என் மகள் ஆஃப்ரீன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு என் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். பதினொரு வயது. தமிழ் பேசினால் புரியும், தட்டுத்தடுமாறிப் பேசுவாள், எழுத்துக்கூட்டக் கூடத் தெரியாது. ஊரிலிருந்து என் தங்கை குடும்பக் குழுவில் தமிழில் எழுதிப் போடுவதை, காது படம் போட்ட பொத்தானை அமுக்கிப் படிக்கவிட்டுக் கேட்பாள்; அன்று மட்டும் காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. எந்தத் தளம் என்று பெயர் சொல்லமாட்டேன். நீங்கள் காலையில் பல் விளக்கும் முன் தடவுகிற தளம்தான். நான் அவர்களிடம்தான் சம்பளம் வாங்குகிறேன்.

“இது யாரு?” என்றேன்.

“யாரும் இல்லம்மா. மஷின்.”

“இன்னொரு தடவ போடு.”

போட்டாள். ‘எடை’ என்ற பிறகு ஒரு சின்ன மூச்சு. எண் வருவதற்கு முன்னால் அக்கா அப்படித்தான் மூச்சு எடுப்பாள். மாதா கோயிலில் பைபிள் வாசிக்கும்போது ‘அதிகாரம்’ என்று சொல்லிவிட்டு எண்ணை வாசிப்பதற்கு முன் நிறுத்திப் பழகிய மூச்சு. ஒலிப்பதிவில் அதை வெட்டலாமா வேண்டாமா என்று நானும் அவள் தம்பி அருளும் ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறோம். வேண்டாம் என்று நான்தான் ஜெயித்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஒரு வருடமாக ஆஃப்ரீன் தமிழ் பேசினால் வாக்கியத்தின் கடைசியில் குரல் மெதுவாக இறங்கும். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த இழுவை கிடையாது. என் கணவர், அவளுடைய அத்தா, படபடவென்று பேசுகிறவர், நான் அதற்கும் மேல். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்திலிருந்து தொற்றியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை இறந்துபோன ஒருத்தியிடம் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறாள். கண்ணீருக்கு வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

2

அருளும் நானும் புதுச்சேரியில் கல்லூரியில் ஒரே வகுப்பு. அவன் முதலியார்பேட்டை. அப்பா பஞ்சாலை மூடிய பிறகு ஆட்டோ ஓட்டினார். என் வீடு முல்லா வீதிப் பக்கம், அத்தாவுக்குத் தையல்கடை. படிப்பு முடித்து இருவரும் உழவர்கரையில் ஒரு சின்ன கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம்.

வைத்திக்குப்பத்தில் தனலட்சுமி அக்கா என்று ஒருவர் மீன் விற்பார். எங்கள் வீட்டுக்கு வாடிக்கை. அவர் மகள் கல்யாணமாகிப் போவதற்கு முன் அந்தத் தளத்தில் ஒரு பக்கம் திறந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அக்கா காலையில் மணலில் மீனைப் பரப்பிப் போட்டோ எடுத்துப் போடுவார். காலனிக்காரர்கள் கீழே எழுதுவார்கள், எனக்கு ரெண்டு கிலோ, எனக்கு சுத்தம் பண்ணி என்று. எழுதியதை வாசிக்கத்தான் ஆள் இல்லை. நான் மீன் வாங்கப் போனால் போனை என் முகத்துக்கு நேராக நீட்டுவார்.

“தோ, என்னா எழுதிருக்காங்கன்னு படிச்சி சொல்லிட்டு அப்பறம் மீன எடும்மா. படிச்ச புள்ள, சும்மாதான நிக்கிற.”

அங்கிருந்துதான் எங்கள் ஆப் வந்தது. பெயர் ‘காதோரம்’. அந்தக் காலத்தில் பெரிய தளங்கள் எங்களைப் போன்ற வெளியாட்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தன. நாங்கள் உள்ளே போய், தனலட்சுமி அக்காவுக்கு வந்த கருத்துகளை எடுத்துவந்து, தமிழில் சத்தமாக வாசித்துக் காட்டுவோம். அவர் வாயால் சொல்லும் பதிலைத் தளத்தில் கொண்டுபோய்ப் போடுவோம். அவ்வளவுதான். ஆனால் வாசிக்க ஒரு குரல் வேண்டுமே. அப்போது கிடைத்த இயந்திரத் தமிழைக் கேட்டால் மீனே திரும்பக் கடலுக்குப் போய்விடும்.

“எங்க அக்கா இருக்கு,” என்றான் அருள். “கோயில்ல வாசகம் அதுதான் வாசிக்கும். கடைசி பெஞ்சு வரைக்கும் மைக் இல்லாம கேக்கும்.”

ஸ்டெல்லா அக்கா ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள், அதைப் பற்றி யாராவது கேட்டால் கேட்டவரின் கல்யாணத்தைப் பற்றிப் பதிலுக்குக் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவள் அறை ஜன்னலில் போர்வைகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ஒலிப்பதிவு செய்வோம். எண்கள், மீன் பெயர்கள், தெருப் பெயர்கள், பிறகு பக்கம் பக்கமாக வாக்கியங்கள். நான்கு மாதம் நடந்தது.

ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் அக்கா கோயிலில் வாசகத்தை முடிக்கும் பழக்கதோஷத்தில் “ஆண்டவரின் அருள்வாக்கு” என்று சொல்லிவிடுவாள். அதையெல்லாம் தேடித் தேடி வெட்டினேன். ஒன்று தப்பிவிட்டது. முதல் வாரமே தனலட்சுமி அக்கா போன் செய்தார், சிரிப்பில் பேச்சே வரவில்லை. “நெத்திலி அரக் கிலோ, ஆண்டவரின் அருள்வாக்குங்குது உங்க மிஷினு. குப்பமே சிரிக்குது. எடுத்துடாத மும்தாஜு, இன்னிக்கி பூரா மீனும் வித்துடுச்சி.” எடுக்கத்தான் எடுத்தோம், மனசில்லாமல்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கருத்துப் பெட்டியில் ஊர்க்காரர்கள் என்னென்ன எழுதுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். “கண்ட கழிசடையெல்லாம் என் வாயால சொல்லமாட்டேன்டீ. காலையில பைபிள் படிக்கிற வாயி.” எனவே ஒரு பட்டியல் போட்டோம். அந்த வார்த்தைகள் வரும் இடத்தில் குரல், “இத நான் படிக்கல” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஆப்பிலேயே மக்களுக்கு அதிகம் பிடித்தது அதுதான். குப்பத்துப் பெண்கள் யாராவது கெட்ட வார்த்தை பேசினால் “இத நான் படிக்கல” என்று அக்கா மாதிரியே சொல்லிக் கிண்டல் செய்தார்கள்.

3

இரண்டு வருடத்தில் அந்தத் தளமே எங்களை வாங்க வந்தது. கடிதம் வந்த அன்று அருள் என்னைக் கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டரில் இரண்டு முறை சுற்றினான். எல்லாமே நல்லபடியாக நடப்பதாகத்தான் தெரிந்தது. இருவருக்கும் பாரிஸ் அலுவலகத்தில் வேலை, ஆப் தொடர்ந்து நடக்கும், இன்னும் பத்து மொழிகளுக்குப் போகும். வீடியோவில் பேசிய அம்மாள் ‘தொடரும்’ என்பதை மூன்று முறை சொன்னாள். எழுத்தில் அது எங்கும் இல்லை என்பதை நாங்கள் பார்க்கவில்லை.

அதே மாதம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அருள் பாரிஸுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். “நீ போ. அக்கா தேறுனதும் நான் வரேன்.”

காகிதங்கள் வந்தன. அதில் ஒரு பக்கம், குரல் யாருடையது, அவர் கையெழுத்திட்ட சம்மதம் எங்கே என்று கேட்டது. கெடு இரண்டு நாள். நான் மருத்துவமனைக்குப் போனேன். அக்கா கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்க, கண்ணை மூடிக் கிடந்தாள். அருள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். கையெழுத்து கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவள், தன் நிபந்தனையைப் புதியவர்களும் காப்பாற்றுவார்களா என்று கேட்பாள், எனக்குப் பதில் தெரியாது. அதுவும் ஒரு காரணம். இப்போது சொல்கிறேன், அதுதான் காரணம்.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தில் எழுதினேன்: குரல், ஆப்பை உருவாக்கியவரின் சொந்தக் குரல். பெயர், மும்தாஜ். அருள் நான் காட்டிய இடங்களில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். மூன்று வருடத்துக்கு இதைப் போன்ற எதையும் செய்யமாட்டேன், ஒலிப்பதிவுகளில் ஒரு நகல்கூட வைத்துக்கொள்ளமாட்டேன் என்பதிலும் போட்டான். சொன்னபடியே வீட்டிலிருந்த டிஸ்க்கையும் அழித்தான். அவன் அப்படி நேர்மையானவன்.

கணவரோடும் நான்கு வயது ஆஃப்ரீனோடும் நான் இங்கே வந்த ஐந்தாவது மாதம் ‘காதோரம்’ மூடப்பட்டது. ‘எங்கள் குடும்பத்தில் இணைகிறது’ என்று அறிவிப்பு. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆப் அல்ல, அதைச் செய்யத் தெரிந்த இரண்டு பேரும் அந்த ஒலிப்பதிவுகளும்தான். தனலட்சுமி அக்கா கணக்கிலேயே இல்லை. எங்களை வாங்கிய கையோடு வெளியாட்களுக்குத் திறந்திருந்த கதவையும் சாத்தினார்கள். கோயம்புத்தூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு எழுதினார். பார்வையில்லாதவர்களுக்காக இதே போல ஒரு ஆப் நடத்தியவராம். “வாழ்த்துகள் மேடம். என்னுடையது நேற்று சாயந்தரத்தோடு நின்றுவிட்டது.” கோபமாக ஒரு சொல் இல்லை. நான் பதில் போடவில்லை.

4

குப்பத்துப் பெண்கள் யாரைக் கேட்பார்கள்? நான் கடல் கடந்து உட்கார்ந்திருக்கிறேன். அருளைத்தான் பிடித்துக்கொண்டார்கள். “பணம் வந்ததும் எங்கள வுட்டுட்டியேடா” என்று தனலட்சுமி அக்கா சந்தையில் நாலு பேர் பார்க்கக் கேட்டாராம். அவனால் இன்னொரு ஆப் செய்யவும் முடியாது, ஏன் முடியாது என்று அவர்களுக்குப் புரியவைக்கவும் முடியாது. இப்போது கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் பழுது பார்க்கிறான்.

அக்கா தேறவில்லை. “அக்கா போயிடுச்சி” என்று அருள் இரண்டே சொல்லில் அனுப்பியபோது என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதியது வரவில்லை. கையில் இருந்தது ‘ரெசெபிஸே’ என்கிற தற்காலிகச் சீட்டு, அதுவும் நான்கு நாளில் முடிகிறது. நாட்டைவிட்டுப் போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று தெரியாது. அட்டை கொடுக்கும் பிரெஃபெக்சூர் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். பிறந்த ஊர் பொந்திஷேரி என்று பார்த்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மலர்ந்து, மழை மாதிரி பிரெஞ்சில் பொழிய ஆரம்பித்தார். புதுச்சேரிக்காரி என்றால் பிரெஞ்சோடு பிறந்திருப்பாள் என்று நினைப்பு. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எங்கள் ஊர்த் தெருப்பலகைகளில் இருப்பதுதான். படிவத்தை எழுதி முடித்துவிட்டேன் என்று சொல்லப்போய், நான் முடிந்துபோய்விட்டேன் என்கிற மாதிரி சொல்லிவிட்டேன். அவர் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

புதிய சீட்டு கிடைக்கவில்லை. அடக்கத்துக்கு நான் போகவில்லை. அருளும் பிறகு பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரு வாழ்த்து என்று சுருங்கி, அதுவும் இரண்டு வருடமாக இல்லை. எனக்குக் கோபம்கூட இருந்தது. அட்டை இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று மனதுக்குள்ளேயே அவனோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.

5

குரல் கேட்ட சனிக்கிழமைக்குப் பிறகு, வேலையில் விசாரித்தேன். குரல் பிரிவு வேறு நாட்டில் இருக்கிறது. நான் புகார்களைப் பிரித்து அனுப்பும் பிரிவு. தமிழ் வாசிக்கத் தெரிந்தவளானதால் காதுப் பொத்தானை ஒரு நாளும் அமுக்கியதில்லை. இத்தனை வருடம் என் சட்டைப்பையிலேயே அக்கா இருந்திருக்கிறாள்.

விசாரித்ததன் பலன், பத்து நாள் கழித்து ஒரு படிவம் வந்தது. இதயப் படமெல்லாம் போட்டு, “அன்பு மும்தாஜ், உங்கள் குரல் ஓய்வு பெறுகிறது” என்று தலைப்பு. தமிழுக்குப் புதிய குரல் செய்துவிட்டார்களாம். பழையதை என்ன செய்வது என்று குரலுக்கு உரியவள் சொல்ல வேண்டும். இரண்டு கட்டம். ஒன்று, காப்பகம்: வருங்காலக் குரல்களுக்குப் பயிற்சியாகப் பயன்படும். இன்னொன்று, முழு நீக்கம்: ஒலிப்பதிவுகள் உட்பட எதுவும் மிஞ்சாது.

முதல் கட்டத்தில்தான் என் மனம் போனது. மறைக்கவில்லை. என் மகளின் தமிழ் அந்தக் குரலில்தான் ஓடுகிறது. காப்பகத்தில் இருந்தால் என்றைக்காவது கேட்டு வாங்கி அருளுக்கு அனுப்பலாம் என்று எனக்கு நானே ஆசை காட்டிக்கொண்டேன். ஆனால் அக்காவின் குரலைப் பற்றி இன்னொரு முறை அவளைச் சேர்ந்தவர்களைக் கேட்காமல் முடிவெடுக்க எனக்குத் தெம்பு இல்லை. ஞாயிறு காலை, ஊரில் பூசை முடிந்திருக்கும் நேரம் பார்த்து அருளைக் கூப்பிட்டேன்.

“சொல்லு.” இரண்டு வருடத்துக்குப் பிறகு அவ்வளவுதான் சொன்னான்.

“அருள், அக்கா குரலு... அந்தத் தளத்துல வருது.”

“தெரியும்.”

“எப்பருந்து?”

“ரெண்டு வருஷம் ஆச்சி. டீக்கடையில கேட்டேன். நாலு பேரு உக்காந்துகிட்டு, யாரோ ஒரு பொண்ணு போட்டோவுக்குக் கீழ எவனோ எழுதினத போன்ல படிக்கவுட்டு சிரிக்கிறானுங்க. எங்க அக்கா படிக்குது மும்தாஜ். ஒரு வார்த்த வுடாம படிக்குது.”

படிக்கக் கூடாத வார்த்தைகளின் பட்டியலை எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

“ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“நீ அங்கதான இருக்க? உனக்குத் தெரியாமலா நடக்கும்னு நெனச்சேன். நீதான் செஞ்சிருப்பன்னு நெனச்சேன்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“கேட்டுடக் கூடாதுன்னு அம்மாவுக்கு பட்டன் போன்தான் வாங்கிக் குடுத்துருக்கேன். சொந்தக்காரங்கல்லாம் கேலி பண்றாங்க, கம்ப்யூட்டர் படிச்சவன் அம்மாவுக்கு பட்டன் போனான்னு. பண்ணிட்டுப் போவட்டும்.”

படிவத்தைப் பற்றிச் சொன்னேன். அதில் என் பெயர் இருப்பதையும், ஏன் இருக்கிறது என்பதையும் சொன்னேன். வராந்தாவில் அவன் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொன்னேன்.

“உன் பேருலதான் பேசிக்கிட்டு இருக்கு எங்க அக்கா.”

“ஆமா.”

“சரி,” என்றான். “அழிச்சிடு.”

“யோசிச்சி சொல்லுடா. அப்பறம் எங்கயும் இருக்காது. உங்கிட்ட வேற ஏதாவது இருக்கா?”

“ஏது? அப்பவே என் கையால அழிச்சேனே. கல்யாண வீடியோ ஒண்ணுல ஓரமா நின்னு பேசும், அதுலயும் மேளச் சத்தம்தான் கேக்குது.” என் பதிலுக்குக் காத்திராமல் அவனே தொடர்ந்தான். “அது நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சி மும்தாஜ். இப்பவாவது அது வாய மூடிக்கட்டும். வச்சிடறேன்.”

6

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில், படிவத்தை அனுப்பும் முன் குரலைக் கடைசியாகச் சோதித்துப் பார்க்கச் சொல்லி ஒரு பெட்டி திறந்தது. எதை எழுதினாலும் வாசிக்கும். பக்கத்து மேசையில் யாரும் வந்திருக்கவில்லை. காதில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் ‘நெத்திலி அரைக் கிலோ’ என்று எழுதினேன். வாசித்தாள். அருளின் பெயரை எழுதினேன். வாசித்தாள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். என் விரல் நிற்கவில்லை.

“மும்தாஜு, நீ செஞ்சது தப்புதான்டீ. பரவால்ல. எனக்கு உன்மேல கோவம் இல்ல.”

அச்சு அசலாக அக்காவே சொன்னாள். கடைசியில் குரல் மெதுவாக இறங்கியது. ஐந்து வருடமாகக் கேட்கக் காத்திருந்த சொல். மறுபடி அமுக்கினேன். அழுதுகொண்டே மூன்றாவது முறையும் அமுக்கினேன். அப்போதுதான் டீக்கடையில் உட்கார்ந்திருந்த நாலு பேர் ஞாபகம் வந்தார்கள். அவர்களுக்காவது அவள் யாரென்று தெரியாது.

காதிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, முழு நீக்கம் என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பினேன். ‘உறுதியா?’ என்று ஒரு முறைதான் கேட்டது.

அருளுக்கு “அழிச்சிட்டேன்” என்று மட்டும் எழுதினேன். சாயந்தரம் ஒரு கும்பிடும் கை படம் பதிலாக வந்தது. அழிக்கும் முன் அவன் அக்காவை நான் என்ன சொல்ல வைத்தேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை. கழிசடையைப் படிக்கமாட்டேன் என்றவள் இந்த உலகத்தில் கடைசியாக வாசித்தது, நான் எனக்காக எழுதிக்கொடுத்த பொய்யைத்தான்.